முடிச்சு விழும் இடம்

தையல் மிஷினில் புதிதாக உட்காருபவர் எவரும் முதல் சில நாட்களிலேயே இந்தத் தொல்லையில் மாட்டுவார். மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக ஓடியிருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் சிக்குச் சிக்காகத் திரண்டு, ஊசித் தட்டின் துளைக்குள் இறங்கி மாட்டியிருக்கும். இழுத்தால் வராது; கத்தரியை விட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். "அக்கா, கீழ நூல் சுத்திக்குது, பாபின்ல ஏதோ கோளாறு" என்று கூப்பிட்டால், தையல் சொல்லித் தரும் அக்கா, கீழ் நூல் சுற்றிய பாபின் பக்கமே போக மாட்டார். "ஃபுட்டத் தூக்கிட்டு மேல் நூல மறுபடி கோத்துப் பாரும்மா" என்பார். அப்படியே செய்தால் அடுத்த வரி சுத்தமாக விழும்.

கீழே தெரிந்த கோளாறுக்கு மேலே எப்படி மருந்து கிடைத்தது? இரண்டு நூல் ஓடும் தையலில் கோளாறு பிறக்கும் இடமும் தெரியும் இடமும் பெரும்பாலும் துணியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாமல் கைக்கு எட்டிய திருகையெல்லாம் திருகுவதால்தான் நல்ல மிஷின்கள் பரணுக்குப் போகின்றன. சில ரூபாய் ஊசியோ ஒரு நிமிட வேலையோ தீர்த்திருக்கக்கூடிய குறைக்காக ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோவது சாதாரண இழப்பு இல்லை. ஒரு தையல் எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கையால் தைப்பவருக்கு இல்லாத ஒரு சிக்கல் மிஷினுக்கு உண்டு. கை ஊசி துணியை முழுதாகக் கடந்து மறுபக்கம் போகிறது. அங்கே விரல்கள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. மிஷின் ஊசியின் தலையோ மேலே ஓர் இரும்புத் தண்டில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அது இறங்கலாம், ஏறலாம், கடந்துபோக முடியாது. போன வழியே திரும்பி வரும் ஊசி, தான் கொண்டுபோன நூலை மட்டும் எப்படி அங்கே விட்டுவிட்டு வரும்?

இதற்கு ஒரு விடையாக, பிரெஞ்சுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற மிஷின், ஒரே நூலை வளையத்துக்குள் வளையமாக மாட்டிச் சங்கிலித் தையல் போட்டது. பாரிஸில் ஏறத்தாழ 80 மிஷின்களை வைத்து அவர் ராணுவச் சீருடை தைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் 1831இல் பட்டறைக்குள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். சங்கிலித் தையலுக்கு ஒரு பலவீனம் உண்டு. சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்துவிடும். அரிசி மூட்டையின் வாயில் இருப்பது இந்த வகைதான். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து.

பிரியாத தையலுக்கு வழி, கீழே இன்னொரு நூல். 1830களில் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் ஊசியின் கண்ணை முனைக்கு அருகே கொண்டுவந்தார். தறியில் ஓடும் நாடாவைப் போல ஒரு ஷட்டிலைக் கீழே ஓடவிட்டு, மேல் நூலின் வளையத்துக்குள் இரண்டாம் நூலை நுழைத்தார். அப்போது அவர் காப்புரிமை வாங்கவில்லை. எலியாஸ் ஹோ 1846இல் அமெரிக்காவில் வாங்கினார். ஹோவின் மிஷினில் ஊசி கிடைமட்டமாகப் பாய, துணி செங்குத்தாகத் தொங்கியது. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மிஷினில் ஊசி நேராக மேலிருந்து இறங்கியது. துணி மேசைமேல் படுத்தது. துணியை நகர்த்தும் பற்கள் எழுந்து, முன்னேறி, தாழ்ந்து, பின்வாங்கும் நான்கு அசைவு முறையை 1854இல் ஆலன் வில்சன் முழுமையாக்கினார். இன்றைக்கும் எல்லா வீட்டு மிஷினிலும் பல் அப்படித்தான் ஓடுகிறது.

நம் ஊர் வீடுகளில் நிற்கும் கறுப்புக் கால் மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கர் 15 என்ற பழைய வடிவத்தின் வாரிசுகள். 1930களில் கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் உஷா என்ற பெயரில் மிஷின் செய்யத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு நடத்தும் இலவசத் தையல் மிஷின் திட்டமும் கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள் போன்றோரின் வீடுகளுக்கு மிஷினைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடையில் கொடுத்துப் பழுதுபார்க்கக் கையில் காசில்லாத வீட்டில், மிஷினின் உள்வேலை தெரிந்திருப்பது மிஷின் அளவுக்கே பெரிய சொத்து.

அந்த உள்வேலையைக் கண்ணால் பார்க்க முடியும். கறுப்பு மிஷினில் ஊசிக்கு இடப்புறமுள்ள தகட்டை நகர்த்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில், கைச்சக்கரத்தைத் தன் பக்கமாக மெல்ல உருட்ட வேண்டும். ஊசி துணியைத் துளைத்து அடிமட்டம் வரை இறங்குகிறது. பிறகு சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. தையலின் தலையெழுத்து இந்த 2 மில்லிமீட்டரில் முடிவாகிறது.

ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பக்கத்தில் தண்டிலிருந்து கண் வரை நீளமான வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. நூல் அதற்குள் படுத்துக்கொள்வதால் துணியில் உரசாமல் வழுக்கிப் போகும். மறுபக்கத்தில், கண்ணுக்குச் சற்று மேலே, சின்னக் குழிவு மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்து நூல் ஊசிக்கும் துணிக்கும் நடுவே நெரிபடுகிறது. ஊசி ஏறும்போது வாய்க்கால் பக்கத்து நூல் கூடவே ஏறிவிடும். நெரிபட்ட பக்கத்து நூலால் ஏற முடியாது. போக வழியில்லாமல் அது பக்கவாட்டில் புடைத்து ஒரு குட்டி வளையமாகிறது. அதே நொடியில் ஷட்டிலின் கூர்மூக்கு வந்து, ஊசியின் குழிவை ஒட்டி நுழைந்து, வளையத்தைக் கொத்திக்கொள்கிறது. வளையத்தை விரித்து, உள்ளே நூல் சுற்றிய பாபினோடு பாபின் கேஸ் முழுவதையும் அதற்குள் புகுந்து வெளிவர வைக்கிறது. கடைசியில், மிஷினின் முகப்பில் மேலும் கீழும் ஆடும் கை மேலெழுந்து, மிச்ச நூலைச் சுருட்டி இழுக்கிறது. வளையம் கீழ் நூலைக் கவ்வியபடி துணிக்குள் ஏறி, இரண்டு பரப்புக்கும் நடுவே நின்றுவிடுகிறது.

முடிச்சு என்று பழக்கத்தில் சொன்னாலும் அங்கே முடிச்சு எதுவும் கிடையாது. இரண்டு நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்கின்றன, அவ்வளவே.

இனி, துணியின் அடியில் திரண்ட அந்த நூல் பந்துக்கு வரலாம். பாபின் கேஸைச் சுற்றி வர வேண்டுமென்றால் வளையம் பல சென்டிமீட்டர் நீளம் விரிய வேண்டும். தையலில் தங்குவதோ சில மில்லிமீட்டர். மீதம் அத்தனையையும் ஒவ்வொரு தையலுக்கும் அந்த ஆடும் கைதான் மேலே வாங்கியாக வேண்டும். அதன் துளையிலிருந்து நூல் நழுவியிருந்தாலோ, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராமல் மேலாக ஓடினாலோ, வாங்க வேண்டிய நூல் வாங்கப்படாமல் கீழேயே கிடக்கும். பத்துத் தையலுக்குள் பந்து உருவாகிவிடும். பாபின் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூல் கோக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்: ஃபுட் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும், தூக்கினால்தான் அவை விலகி நூலை உள்ளே விடும். தையலைத் தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்துவைத்து, முதல் இரண்டு மூன்று தையல் வரை விரலால் பிடித்துக்கொண்டால், ஆரம்பத்தில் மட்டும் விழும் சிக்கும் நின்றுவிடும்.

தையல் விட்டுவிட்டு விழுவது வேறு கதை. ஷட்டில் மூக்கு வந்த நேரத்தில் வளையம் அங்கே இல்லை என்பதே அதன் பொருள். வளையம் ஏன் இல்லாமல்போகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் காரணங்கள் தாமாக வரிசைகட்டும். ஊசி திரும்பிப் பொருத்தப்பட்டிருந்தால் குழிவு ஷட்டிலுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். மூக்கு வரும் பக்கத்தில் வளையமே உருவாகாது. வீட்டு மிஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதே இந்தத் தவறு நேராமலிருக்கத்தான். தட்டைப் பக்கமும் குழிவும் ஒரே பக்கத்தில் இருக்கும். கார்மென்ட்ஸில் ஓடும் பவர் மிஷின் ஊசிக்குத் தண்டு முழு உருண்டை. கடையில் விவரம் சொல்லாமல் வாங்கினால் அது கைக்கு வந்துவிடும், வீட்டு மிஷினுக்குப் பொருந்தாது. ஊசி முழுதாக மேலே முட்டாமல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கண் நிற்கும் உயரம் மாறி, மூக்கு வளையத்தைத் தவறவிடும். லேசாக வளைந்த ஊசி வளையத்தைத் தள்ளி எடுத்துப்போய்விடும். ஊசியின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், முனை வரை இடைவெளி சீராக இருக்கிறதா என்பது தெரியும். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இழுத்தால் கீறல் விழுகிறதா? அந்த ஊசியை எறிந்துவிடலாம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு. உடைகிற வரைக்கும் ஒரே ஊசியை ஓட்டும் பழக்கம் நம்மிடம் அதிகம். அந்தச் சிக்கனம் துணியிலும் நூலிலும் பல மடங்கு செலவு வைக்கிறது.

பனியன் துணியில் மட்டும் தையல் விட்டுப்போகிறது, காட்டனில் ஒழுங்காக விழுகிறது என்றால் மிஷினைக் குறை சொல்ல வேண்டியதில்லை. திருப்பூரில் நெய்யாமல் பின்னி எடுக்கும் அந்தத் துணி ரப்பரைக் கலந்ததுபோல் நீளும். ஊசி ஏறும்போது துணியும் ஒட்டிக்கொண்டு கூடவே மேலெழும். துணி நிலையாக நின்று நூலை நெரித்தால்தானே வளையம் புடைக்கும்? துணியே எழுந்துவிட்டால் வளையம் ஏது? அதற்கென்று முனை மழுங்கி உருண்ட ஊசி உண்டு. அது இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். ஃபுட்டின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டினாலும் துணி எழுவது குறையும்.

ஊசி உறையில் 90/14 என்று இரட்டை எண் இருக்கும். முதல் எண் ஊசியின் தடிமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். இரண்டாவது சிங்கர் காலத்து எண். வழக்கமான காட்டனுக்கு 14, மெல்லிய வாயிலுக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. கடைக்காரரிடம் "ஊசி கொடுங்க" என்று மட்டும் கேட்பதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது.

மேல் நூல் அடிக்கடி அறுந்தால் கவனிக்க வேண்டியது உரசல். வளையத்துக்காகப் பல சென்டிமீட்டர் இறங்கி, சில மில்லிமீட்டரை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பும் நூல், தையலில் இடம்பிடிக்கும் முன் பல தடவை ஊசிக்கண் வழியாக மேலும் கீழும் போய் வருகிறது. கண்ணில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அது நூலைச் சுரண்டும். அறுந்த நுனியைப் பார்த்தாலே துப்பு கிடைக்கும்: பஞ்சுபோலச் சிலும்பியிருந்தால் உரசி உரசி இற்றுப்போயிருக்கிறது; வெடுக்கென்று நறுக்கியதுபோல் இருந்தால் டென்ஷன் அளவுக்கு மீறியிருக்கலாம், அல்லது எங்கேயோ ஒரு கூர்முனை வெட்டியிருக்கலாம். நூல் கண்ணுக்குத் தடிமனா என்று பார்க்க ஒரு முழ நூலை ஊசியில் கோத்துச் சரிவாகப் பிடித்தால் போதும். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நின்றுவிட்டால் அடுத்த பெரிய எண் ஊசி தேவை. ஊசி எப்போதாவது ஊசித் தட்டில் இடித்திருந்தால் துளையின் விளிம்பில் பிசிறு எழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம். பல வருஷம் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த நூல்கண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையால் இழுத்தாலே பொட்டென்று போகும் நூல் மிஷினில் என்ன தாங்கும்?

இவ்வளவையும் சரிபார்த்த பிறகே டென்ஷன் திருகில் கை வைக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் திருகு, கடைசியில் ஊசி. அப்படித் திருகியபின் உண்மையான குறை எது, தாமே உண்டாக்கிய குறை எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல்போகிறது.

டென்ஷன் என்பது கயிறு இழுக்கும் போட்டி. மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு இழுக்கின்றன. வலுத்த பக்கத்துக்குக் கொக்கி நகரும். துணியின் மேல்பரப்பில் கீழ் நூல் புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் இழுப்பு கூடுதல், அல்லது கீழ் இழுப்பு குறைவு. அடிப்பரப்பில் மேல் நூல் எட்டிப் பார்த்தால் நேர்மாறு. இதைத் தெளிவாகக் காண, மேலே சிவப்பு நூலும் கீழே பச்சை நூலும் போட்டு, துணித் துண்டை மூலைவாட்டில் இரண்டாக மடித்து ஒரு வரி தைத்துப் பார்க்கலாம். பிறகு தையலின் இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். எந்த நிறம் அறுகிறதோ அந்தப் பக்கம் இறுக்கம் அதிகம். இரண்டும் ஒன்றாக அறுந்தால் சமநிலை. திருகை முழுச் சுற்றெல்லாம் சுற்றத் தேவையில்லை. கொஞ்சம் திருப்பி, மறுபடி தைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

கீழ் இழுப்பைத் தருவது பாபின் கேஸின் மேல் இருக்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங். அதன் அடியில் ஒரு துளி பஞ்சு புகுந்தால்கூட ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு நூலைப் பிடிக்காமல் விட்டுவிடும். அந்தக் குறை துணியின் மேல்பரப்பில் தெரியும். பார்ப்பவர் மேல் டென்ஷனைத் தளர்த்துவார். தையல் மொத்தமும் தொளதொளவென்று ஆகும். மெல்லிய அட்டை முனையை ஸ்பிரிங்குக்கு அடியில் விட்டு இழுத்தாலே பஞ்சு வந்துவிடும். நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் அது தன் கனத்தில் அப்படியே நிற்க வேண்டும். கையை லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். தடதடவென்று கீழே ஓடினால் தளர்வு. சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். பாபினில் நூலைத் தொளதொளப்பாகவும் மேடுபள்ளமாகவும் சுற்றியிருந்தால் எந்தத் திருகும் உதவாது.

தையல் ஓரத்தில் துணி சுருங்கிக் கொசுவம் பிடிப்பதற்கும் பல நேரம் நூலின் இறுக்கமே காரணம். பாலியஸ்டர் நூல் கொஞ்சம் நீளும் குணமுள்ளது. இழுத்த நிலையில் தையலில் மாட்டிக்கொண்ட நூல், மிஷினை விட்டு வந்ததும் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும், துணியையும் சேர்த்துச் சுருக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. நெருக்கமாக நெய்த மெல்லிய துணியில் இழைகளுக்கு நடுவே காலி இடமே இருக்காது. அங்கே தையல் நூலும் புகுந்துகொண்டால் இழைகள் நெருக்கியடித்து மேலெழும். மெல்லிய ஊசி, மெல்லிய நூல், சற்று நீளமான தையல் மூன்றும் சேர்ந்தால் சுருக்கம் குறையும். டென்ஷனோடு மல்லுக்கட்டுவதால் பயனில்லை.

கால் மிஷினுக்கே உரிய சங்கதிகள் சில உண்டு. மிதியில் கால் பழகாதவருக்குச் சக்கரம் அவ்வப்போது எதிர்த்திசையில் ஓடும். அப்படி ஓடினால் ஷட்டில் வளையத்தை ஒழுங்காகக் கொத்தாது. நூல் சிக்கி அறுந்துபோகும். நூல் கோக்காமல், துணியும் வைக்காமல், ஃபுட்டைத் தூக்கிவைத்து வெறும் மிதியை ஒரே திசையில் ஓட்டிப் பழகுவது வீண்வேலை இல்லை. துணியைப் பின்னாலிருந்து இழுப்பது நிறுத்த வேண்டிய பழக்கம். பற்கள் துணியை நகர்த்துவது ஊசி துணியை விட்டு வெளியே இருக்கும்போது. ஊசி உள்ளே இருக்கையில் கை இழுத்தால் ஊசி வளையும், தட்டில் இடிக்கும், உடையும். மேலே சொன்ன பாதிக் கோளாறுகள் அங்கிருந்து பிறக்கின்றன. கையின் வேலை துணிக்கு வழிகாட்டுவது மட்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறு தேங்காய் எண்ணெய். கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் அதையே விட்டுவிடுகிறார்கள். 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். நாளடைவில் பஞ்சோடு சேர்ந்து பிசினாகி மிஷினை இறுக்கிவிடும். மிஷினுக்கென்று விற்கும் நிறமற்ற மினரல் எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டால் போதும். விடும் முன் பற்களுக்கு நடுவிலும் ஷட்டில் குழியிலும் படிந்த பஞ்சைச் சின்ன பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் விட்டபின் ஒரு கழிவுத் துணியில் நாலைந்து வரி ஓட்டினால் மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிடும், நல்ல துணியில் கறை படியாது.

மேல் நூலை மறுபடி கோத்தாயிற்று, புது ஊசி சரியான பக்கம் பார்த்து முழுதாக ஏறியிருக்கிறது, நூலும் நல்ல நூல், ஷட்டில் குழியும் சுத்தம். அப்படியும் தையல் விழவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "ஜிப்புலயோ குண்டூசிலயோ ஊசி இடிச்சுதா?" என்பதாக இருக்கும். பலமாக இடித்தால் ஊசி பிடித்திருக்கும் தண்டு, தன்னை நிறுத்தியிருக்கும் திருகிலிருந்து நழுவி மேலேறிவிடும். பிறகு எத்தனை ஊசி மாற்றினாலும் கண் சரியான உயரத்துக்கு வராது. மெக்கானிக் முகப்புத் தகட்டைக் கழற்றி, சக்கரத்தை உருட்டி, ஊசி அடிமட்டத்திலிருந்து அந்த 2 மில்லிமீட்டர் ஏறும் இடத்தில் நிறுத்துவார். திருகைத் தளர்த்தி, ஷட்டில் மூக்கு ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலாகக் கடக்கும்படி தண்டைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறக்குவார். கையாலேயே சக்கரத்தை உருட்டி வளையம் மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் திருகை இறுக்குவார்.